யாருடைய காலுக்கு ஏற்ப?

தியானப் பகுதி: ஆதியாகமம் 33:12–17



இருபது ஆண்டுகளுக்குப் பின் அண்ணனும் தம்பியும் சந்திக்கிறார்கள். கட்டித் தழுவி, அழுது, வெகுமதியைப் பெற்றுக்கொண்டபின் ஏசா ஒரு யோசனை சொல்கிறான்: புறப்படுவோம், நான் உனக்கு முன்னே நடக்கிறேன். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனால் ஏசாவோடு இருந்தவர்கள் நானூறு மனிதர். யாக்கோபோடு இருந்தவையோ சிறு பிள்ளைகளும் கறவையான ஆடுமாடுகளும். ஒரே ஒரு நாள் துரிதமாய் ஓட்டினாலும் மந்தை முழுவதும் மடிந்துபோகும் என்று யாக்கோபு கூச்சமின்றிச் சொல்லிவிடுகிறான். அண்ணன் முன்னே போகட்டும், நான் பிள்ளைகளின் நடைக்கு ஏற்றபடி மெதுவாக வருகிறேன் என்கிறான். எபிரெய மூலத்தில் அங்கே வரும் சொல் ‘ரெகெல்’. கால் என்பதே அதன் நேர்ப்பொருள். பிள்ளைகளின் காலுக்கு ஏற்ப. செமினரி நாட்களில் இந்த ஒரு சொல்லுக்காகவே எபிரெயம் கற்றது வீண்போகவில்லை என்று எண்ணியதுண்டு.

இந்தப் பகுதியை யாக்கோபின் பொறுமைக்குச் சான்றாக நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு அடுத்த வசனங்களை மெல்லக் கடந்துவிடுகிறோம். சேயீருக்கு வந்து சேருவேன் என்று அண்ணனிடம் சொன்ன யாக்கோபு, சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொண்டான். அவன் சேயீருக்குப் போனதாக வேதாகமத்தில் எங்கும் இல்லை. தன் வேகத்தைப் பற்றி உண்மை சொன்னவன், தான் போகும் இடத்தைப் பற்றி உண்மை சொல்லவில்லை.

இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நம்முடைய சபையில் எழுந்திருக்கும் சைக்கிள் வழக்கு. சிரிக்க வேண்டாம். விடுமுறை நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதிவண்டி ஓட்டும் சகோதரரும் சகோதரிகளும் நம்மில் இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். சிலர் 200, 300 கிலோமீட்டர் பயணங்களை முடித்தவர்கள். அவர்களுக்குள் இப்போது பேச்சுவார்த்தையே குறைந்துவிட்டது. மெதுவாக வருகிறவர்களால் பயணம் கெடுகிறது என்கிறார்கள் ஒரு சாரார். வேகம் பெருமையின் பிள்ளை, சபையார் என்றால் எல்லாரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்கிறார்கள் மறு சாரார். இரு சாராரும் தனித்தனியே என்னிடம் வந்து, தங்களுக்குச் சாதகமான ஒரு வசனத்தைக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. இரு சாராரும் பேசுவது வேகத்தைப் பற்றி, மறைப்பது குறிக்கோளை. என் வழக்கு வேகத்தோடு அல்ல, அந்த மறைப்போடு.

நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்தின் வரலாறே இந்த வழக்கை நூறு ஆண்டுகளுக்கு முன் சந்தித்திருக்கிறது. 1897இல் இத்தாலியர் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஏறத்தாழ 230 கிலோமீட்டரை ஒரே பகலில் கடந்தார்கள். துணிந்தவர்கள் என்னும் பொருளுடைய ‘ஆடாக்ஸ்’ என்ற லத்தீன் சொல் அவர்களுக்குப் பெயராயிற்று. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச் 1904இல் இந்த வழக்கத்தைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அவருடைய ஏற்பாட்டில் எல்லாரும் கூட்டமாகவே போக வேண்டும். முன்னே ஒரு தலைவர் வேகத்தை நிர்ணயிப்பார். அவரை எவரும் முந்தக்கூடாது. பந்தயத்தை வளர்த்த அதே மனிதர், பந்தயம் அல்லாத பயணத்துக்கு இவ்வளவு கண்டிப்பான விதி வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. இன்றும் அந்த முறையில் போகிறவர்கள் பிரான்சில் உண்டு. மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

1921இல் பிளவு வந்தது. ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்னும் சங்கத்தார் தெக்ராஞ்சை விட்டு விலகி, ‘அலூர் லிப்ர்’ என்னும் முறையைத் தொடங்கினார்கள். சுதந்திர வேகம் என்று பொருள். ஒவ்வொருவரும் தன் வேகத்தில் போகலாம், தனியாகவும் போகலாம், கூட்டாகவும் போகலாம். குறித்த நேரத்துக்குள் வந்துசேர்ந்தால் போதும். இன்று சென்னையிலும் கோவையிலும் ‘பிரெவே’ என்ற பெயரில் நடப்பவை இந்த மரபைச் சேர்ந்தவையே. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம். 300க்கு 20 மணி. 400க்கு 27 மணி. 600க்கு 40 மணி. வழியிலுள்ள ஒவ்வொரு சோதனை நிலையத்துக்கும் மூடும் நேரம் உண்டு. திறக்கும் நேரமும் உண்டு. பிந்தி வந்தவருக்குக் கதவு அடைபட்டிருக்கும்; அளவுக்கு மீறி முந்தி வந்தவருக்கோ கதவு இன்னும் திறந்திருக்காது. வந்துசேர்ந்தவர்களுக்கு முதலாம் இடம், இரண்டாம் இடம் என்ற வரிசை கிடையாது.

இவ்விரு முறைகளில் எது சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டும் நேர்மையானவை. ஒன்றாகப் போவோம் என்று சொன்னவர்கள் ஒன்றாகவே போனார்கள். அவரவர் வேகத்தில் போவோம் என்று சொன்னவர்கள் அவ்வாறே போனார்கள். புறப்படுமுன் எல்லாருக்கும் தாங்கள் எதில் சேருகிறோம் என்பது தெரிந்திருந்தது.

நம்மிடையே நடப்பதோ மூன்றாவது முறை. அதற்குப் பிரெஞ்சிலும் பெயர் இல்லை. ஒன்றாகப் போவோம் என்று அறிவித்துவிட்டுத் தனித்தனியே போவது. ஐக்கியம் என்று எழுதிப் போட்டுவிட்டு, ஓட்டுகிறபோது பந்தயம். சென்ற முறை புதுச்சேரிப் பயணத்துக்கான அறிவிப்பு ‘ஐக்கியப் பயணம்’ என்ற தலைப்போடுதான் வந்தது. மாமல்லபுரம் தாண்டியதும் முன்னே போன ஐந்தாறு பேர் கண்ணுக்கு எட்டவில்லை. மரக்காணத்துக்கு முன்னே, உச்சி வெயிலில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு சகோதரரின் வண்டிச் சக்கரம் பஞ்சரானது. கூட்டமாகப் போகிறோம் என்ற நம்பிக்கையில் அவர் பம்ப்பு கொண்டுபோகவில்லை. பம்ப்பும் ஒட்டுப்போடும் பொருள்களும் முன்னே போனவர்களின் பையில் இருந்தன. வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. அதன்பின் எந்தப் பயணத்துக்கும் அவர் பெயர் கொடுக்கவும் இல்லை. அவரை விட்டுப் போனவர்கள் தீயவர்கள் அல்லர். நானே ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகள். அவர்களில் ஒருவன் 200 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அன்று பழகிக்கொண்டிருந்தான். நல்ல எண்ணம். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை என்பதே குற்றம்.

“ஐந்து கிலோமீட்டர் வேகம்தானே ஐயா, கொஞ்சம் கூட்டினால் அவரும் வந்திருக்கலாமே” என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். பள்ளியில் இயற்பியல் படித்தவன் இப்படிச் சொல்லலாமா? சமதளச் சாலையில் மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதை வெல்ல வேண்டிய ஆற்றலோ மும்மடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவரை 25இல் வரச் சொன்னால், காற்றுக்காக மட்டும் அவர் ஏறத்தாழ இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். கால் பங்கு வேகத்தைக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு மனிதனையே கேட்கிறோம். கூட்டத்தின் நடுவில் ஒடுங்கிப் போனால் முன்னவர் காற்றை மறைப்பார், உழைப்பு வெகுவாகக் குறையும் என்பது மெய். ஆனால் அந்த மறைவிலிருந்து ஒருமுறை விடுபட்டுவிட்டால், களைத்தவருக்கு முழுக் காற்றும் தனியே முகத்தில் அடிக்கிறது. பலவீனருக்கு அடைக்கலம் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது பறிபோகிறது. ஒருவரை வழியில் விட்டுவிடுவது அவரைத் தனியாக விடுவது மட்டுமல்ல. அவருடைய பாரத்தையும் கூட்டிவிடுவது.

இன்னொரு கொடுமையும் உண்டு. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் அனைவரும் அறிந்ததே. முன்னே போனவர்கள் ஒரு டீக்கடையில் நின்று காத்திருக்கிறார்கள். இருபது நிமிடம் நிழலில் அமர்ந்து, தேநீர் குடித்து, கால்களை நீட்டிக்கொள்கிறார்கள். பின்தங்கியவர் வியர்த்து வந்து சேர்ந்ததும், “வந்துட்டீங்களா அண்ணே, கிளம்பலாமா?” என்று எழுந்துவிடுகிறார்கள். காத்திருந்தோம் என்று தங்களைப் பாராட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள். ஓய்வு தேவைப்படாதவருக்கு இருபது நிமிட ஓய்வு. தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடமும் இல்லை. நூறு கிலோமீட்டருக்குள் இப்படி நான்கு முறை நடந்தால் எப்படிப்பட்ட மனிதரும் உடைந்துபோவார்.

இங்கே ஒருவர் 1 கொரிந்தியர் 9:24ஐ எடுத்துக்கொண்டு வருவார் என்று அறிவேன். பந்தயச் சாலையில் எல்லாரும் ஓடினாலும் பந்தயப் பொருளைப் பெறுகிறவன் ஒருவனே என்று பவுல் எழுதவில்லையா? எழுதினார். ஆனால் அதே மூச்சில் அவர் பேசுவது இச்சையடக்கத்தையும், தன் சொந்தச் சரீரத்தை ஒடுக்குவதையும் பற்றி. பக்கத்து விசுவாசியை முந்துவதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அதே நிருபத்தில் இரண்டு அதிகாரம் தள்ளிப் படியுங்கள். கொரிந்து சபையில் முந்தி வந்தவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, பிந்தி வந்தவர்கள் பசியோடு இருந்தார்கள். அந்தச் சபைக்குப் பவுல் கொடுத்த கட்டளை, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே. ஓட்டத்தைப் பற்றிய வசனம் மனப்பாடமாய் இருக்கிறது. காத்திருப்பதைப் பற்றிய வசனத்தைத் திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறோம்.

மறு சாராரே, நீங்கள் இதைப் படித்துத் தலையசைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மேலும் எனக்குக் குறை உண்டு. வேகமாக ஓட்ட விரும்புகிறவன் பெருமைக்காரன் என்று யார் உங்களுக்குச் சொன்னது? ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட தாலந்து வெவ்வேறு என்று பிரசங்கத்தில் ஆமென் சொல்லிவிட்டு, சாலையில் அதை மறுக்கலாமா? இருபத்தைந்து வயது வாலிபனின் காலைக் கட்டிப்போட்டு, இதுதான் தாழ்மை என்று பெயர் வைப்பது தாழ்மை அல்ல. எங்களோடு மெதுவாக வா என்று நீங்கள் கேட்பதில், அவனுடைய காற்றுமறைவில் சுகமாகப் போகும் ஆசையும் கொஞ்சம் கலந்திருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகப் போவதும் ஒரு வேகமே. அதிலும் பெருமைக்கு இடமுண்டு. வழியெல்லாம் கடற்கரைப் படங்களை எடுத்துப் போட்டு, “நாங்கள் பயணத்தை அனுபவிக்கிறவர்கள், அவர்கள் எண்களுக்கு அடிமைகள்” என்று எழுதியதை நானும் பார்த்தேன்.

ஆனால் வேகம் எதற்காக என்று தெரியாத வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2 சாமுவேல் 18இல் அகிமாஸ் என்றொருவன் இருக்கிறான். யுத்தச் செய்தியைத் தாவீதிடம் கொண்டுபோகக் கூஷி அனுப்பப்பட்டபின், நானும் ஓடுகிறேன் என்று யோவாபிடம் கெஞ்சுகிறான். உனக்குச் சொல்லத் தக்க செய்தி இல்லையே என்கிறான் யோவாப். எப்படியானாலும் ஓடுவேன் என்கிறான் இவன். ஓடினான், சமபூமியின் வழியாய்ப் போய்க் கூஷியை முந்தியும் விட்டான். வெற்றியைச் சொன்னான். ராஜா மகனைப் பற்றிக் கேட்டபோதோ, ஒரு சந்தடியைக் கண்டேன், இன்னதென்று தெரியாது என்றான். ஒரு பக்கமாய் நில் என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. ராஜா கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் பின்னால் வந்தவனிடம் இருந்தது. ஸ்ட்ராவாவில் யாரோ ஒருவருடைய பெயருக்கு மேலே தன் பெயரை ஏற்றுவதற்காகவே மிதிக்கும் சிலரைப் பார்க்கும்போதெல்லாம் அகிமாஸ் என் நினைவுக்கு வருகிறான். பிரான்சின் மிதிவண்டிப் பயணிகள் தங்கள் ஆசானாகப் போற்றும் பால் தெ விவி, பயணிகளுக்கு ஏழு கட்டளைகள் வகுத்தார். பசிக்குமுன் உண்ணவும் தாகத்துக்குமுன் குடிக்கவும் சொன்ன அவர், வீம்புக்காக ஒருபோதும் மிதிக்காதே என்பதையும் அவற்றோடு சேர்த்தார். அவரும் மெதுவாக ஓட்டச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குறிக்கோளை வெளிப்படையாக வைத்துக்கொண்டால் வேகமானவரும் மெதுவானவரும் ஒரே சாலையில் சமாதானமாக இருக்க முடியும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் பயணம் 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. அன்று வென்ற சார்ல் தெரோன் ஏறத்தாழ 71 மணி நேரம் ஓட்டினார். 1951க்குப் பின் தொழில்முறைப் பந்தயம் நின்றுபோனது. இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, உலகமெங்குமிருந்து வரும் சாதாரண மனிதர் அதில் ஓட்டுகிறார்கள், இந்தியரும் போகிறார்கள். புறப்படுமுன்னே 80 மணியா, 84 மணியா, 90 மணியா என்று ஒவ்வொருவரும் தம் கெடுவைத் தெரிந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். குறிக்கோளைச் சொல்லாமல் அங்கே சக்கரம் உருளாது.

அமெரிக்கப் பயணிகளிடம் இதையொட்டி இரண்டு வழக்கங்கள் உண்டு. 1901ஆம் ஆண்டுப் பந்தயத்தில் சார்லி மில்லர் என்ற அமெரிக்கர் 56 மணி 40 நிமிடத்தில் முடித்தார். அந்த நேரத்துக்குள் முடிக்கும் அமெரிக்கரை அவர் பெயரால் அமைந்த ஒரு குழு சேர்த்துக்கொள்கிறது. மறுபுறம், நரம்பும் தசையும் படிப்படியாகச் செயலிழக்கும் நோயால் மரித்த ஏட்ரியன் ஹேண்ட்ஸ் என்ற பயணியின் பெயரால் இன்னொரு குழு இருக்கிறது. அதில் சேர விரும்புகிறவர் 88 மணி 55 நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு, ஆனால் 90 மணிக்குள் வந்துசேர வேண்டும். விரைந்து முடித்துவிட்டால் இடமில்லை! ஒரே சாலை, ஒரே 1200 கிலோமீட்டர். ஒருவர் தூக்கத்தைத் தியாகம் செய்து ஓட்டுகிறார். மற்றொருவர் கிராமத்துப் பிள்ளைகள் நீட்டும் தண்ணீரை நின்று வாங்கிக் குடித்து, கடைசி மணி நேரம் வரை சாலையில் இருக்க ஆசைப்படுகிறார். இருவரில் எவரும் மற்றவரை ஏமாற்றவில்லை.

தாவீதுக்கும் இது தெரிந்திருந்தது. சிக்லாகை அமலேக்கியர் கொள்ளையிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடித்துப் போனபோது அவன் அறுநூறு பேரோடு துரத்தினான் (1 சாமுவேல் 30). பேசோர் ஆற்றண்டையில் இருநூறு பேர் களைத்துப்போய் ஆற்றைக் கடக்கமாட்டாமல் நின்றுவிட்டார்கள். தாவீது அவர்களை அடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. அவர்களுக்காகத் துரத்தலை நிறுத்தவும் இல்லை. சிறைப்பட்டவர்களின் உயிர் அங்கே ஊசலாடிக்கொண்டிருந்தது, வேகம் அன்று கடமை. இருநூறு பேரும் முடியவில்லை என்பதை மறைக்கவில்லை; நின்ற இடத்தில் மூட்டை முடிச்சுகளைக் காத்தார்கள். திரும்பி வந்தபோது, எங்களோடு வராதவர்களுக்குப் பங்கில்லை என்று சிலர் முறுமுறுத்தார்கள். வேதாகமம் அவர்களைப் பொல்லாதவர்கள் என்றே அழைக்கிறது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். தாவீது இரு சாராருக்கும் சரிபங்கு கொடுத்து, அதை இஸ்ரவேலுக்குப் பிரமாணமாகவும் வைத்தான். 13 மணி 29 நிமிடத்தில் வந்துசேருகிறவரின் பிரெவேயும் எட்டு மணியில் முடித்தவரின் பிரெவேயும் ஒரே மதிப்புடையவை என்ற விதியை வாசித்தபோது, பேசோர் ஆற்றங்கரையைத்தான் நினைத்தேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நம் சபையின் பெயரில் போகும் பயணம் எதுவானாலும், அறிவிப்பிலேயே அது கூட்டுப் பயணமா சுதந்திர வேகமா என்று எழுதப்பட வேண்டும். கூட்டுப் பயணமானால் சராசரி வேகத்தையும் குறிப்பிடுங்கள்; அதை நிர்ணயிக்கிறவர் வருகிறவர்களில் மிக மெதுவானவரிடம் கேட்டுவிட்டு நிர்ணயிக்கட்டும். கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் எப்போதும் பலமுள்ள ஒருவர் வருவார். யார் என்பதை முந்தின நாளே முடிவு செய்யுங்கள். கடையில் நின்றால், கடைசியாக வந்தவர் தேநீரைக் குடித்து முடித்து, அவராகவே எழும்வரை மற்றவர்கள் எழ வேண்டாம். சுதந்திர வேகமானால் அவரவர் பையில் அவரவர் பம்ப்பு, ட்யூப், விளக்கு இருக்கட்டும். முன்னே போகிறவன் மேல் யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம். எட்டு மணியில் முடிக்க விரும்பும் அந்தத் தம்பி அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். அவனுக்காக ஜெபிக்கவும், அவன் முடிக்கும் இடத்தில் இளநீரோடு காத்திருக்கவும் எனக்கு மனமுண்டு.

மரக்காணத்தில் நடந்துபோன சகோதரரிடம் அறிவிப்புத் தாளோடு போகப் போகிறவர்கள் முதலில் வெறுங்கையோடு போய் வாருங்கள். அடுத்த அறிவிப்பின் தலைப்பில் ‘ஐக்கிய’ என்று எழுத விரும்புகிறவர் அச்சுக்குக் கொடுக்குமுன் என்னை வந்து பார்க்கட்டும். பம்ப்பு யார் பையில் இருக்கும் என்று கேட்பேன்.